கேள்விச் செல்வர்கள்

வயதானவர்கள் சொல்வதைக் கேட்க ஆளில்லை என்று ஊரெல்லாம் புலம்பல். இங்கிலாந்தில் மட்டும் அந்தக் குறை கிடையாது. தள்ளாத காலத்தில் ஒருவரைப் பார்த்துக்கொள்வது எப்படி, அதற்கான பணத்தை யார் கொடுப்பது என்று அங்கே அரசாங்கமே கால் நூற்றாண்டுக்கு மேலாக மக்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பெற்ற பிள்ளைகூட இரண்டு தடவை விசாரித்துவிட்டு மூன்றாவது தடவை போனை வைத்துவிடுவான். இவர்கள் வைப்பதில்லை. கட்சி மாறலாம், பிரதமர் மாறலாம், கேட்பது நிற்காது.

தொடங்கி வைத்தவர் லேபர் கட்சிப் பிரதமர் டோனி பிளேர். வீட்டை விற்றால்தான் முதியவருக்குப் பராமரிப்பு என்ற நிலையுள்ள நாட்டில் நம் பிள்ளைகள் வளரக் கூடாது என்று 1997ஆம் ஆண்டுக் கட்சி மாநாட்டில் உருகினார். சொன்னதோடு நிற்கவில்லை, சர் ஸ்டூவர்ட் சதர்லேண்ட் தலைமையில் ராயல் கமிஷனும் அமைத்தார். 1999 மார்ச்சில் அது அறிக்கை கொடுத்தது: குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டிவிடுவது போன்ற உதவிகளுக்கான செலவை வரிப்பணத்திலிருந்து கொடுத்துவிடுங்கள், ஏழை பணக்காரர் பார்க்காதீர்கள். விவரம் போதாத அரசாக இருந்தால் அவசரப்பட்டு அதைச் செய்து தொலைத்திருக்கும். ஸ்காட்லாந்து அப்படித்தான் அவசரப்பட்டது. 2002 ஜூலையிலிருந்து 65 வயது தாண்டியவர்களுக்கு அங்கே அந்த உதவி இலவசம். ஒரே கமிஷன், ஒரே அறிக்கை, எல்லைக்கு வடக்கே மூன்றே வருடத்தில் காரியம் முடிந்துவிட்டது. இனி அதைப் பற்றி யாரிடம் போய்க் கருத்துக் கேட்பது? இங்கிலாந்து அந்த வறுமைக்கு ஆளாகவில்லை.

2009 ஜூலையில் கருத்துக் கேட்பதற்கென்றே வந்த பச்சை அறிக்கையும் அதையொட்டி நடந்த 'பெரும் பராமரிப்பு விவாத'மும் இந்தக் கலையின் உச்சம். ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். 28,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்து குவிந்தன. அரசும் மக்களும் செலவைப் பகிர்வதா, விரும்பியவர் காப்பீடு எடுப்பதா, வசதியுள்ள முதியவர் எல்லாரும் கட்டாயமாகப் பணம் கட்டுவதா என்று மூன்று வழிகளை முன்வைத்தார்கள். 'மொத்தத்தையும் வரியிலிருந்தே கொடுத்துவிடுங்களேன்' என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிடப் போகிறார்களே என்று, அந்த வழியை முன்கூட்டியே ஒதுக்கியும் வைத்திருந்தார்கள். பதில் சொல்கிறவருக்கு இவ்வளவு ஒத்தாசை செய்கிற அரசு வேறு எங்கே இருக்கிறது? 28,000 பதில்களையும் படித்து, வெள்ளை அறிக்கையாக்கி, 2010 மார்ச் 30 அன்று வெளியிட்டார்கள். மே 6 அன்று தேர்தல். ஆட்சி போனது, அறிக்கையும் அதோடு போனது.

எதிர்க்கட்சியின் பங்கைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். தேர்தலுக்கு முன், மூன்று பெரிய கட்சிகளும் மூடிய அறைக்குள் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வரப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. முடிவு எட்டிவிட்டால் விபரீதமாகியிருக்கும். 2010 பிப்ரவரியில் கன்சர்வேடிவ் கட்சி ஒரு கல்லறைக் கல்லைப் போஸ்டராக அடித்து, நீங்கள் செத்த பிறகு பிரதமர் கார்டன் பிரவுன் 20,000 பவுண்டு கேட்கப்போகிறார் என்று ஊர்ச் சுவரெல்லாம் ஏற்றி, அந்த ஆபத்திலிருந்து நாட்டைக் காப்பாற்றியது.

பிறகு அதே கட்சி கூட்டணி ஆட்சியில் அமர்ந்து, பொருளியல் அறிஞர் ஆண்ட்ரூ டில்னாட் தலைமையில் தானும் ஒரு கமிஷன் போட்டது. அவர் கொஞ்சம் அவசரக்காரர், ஒரு வருடத்தில் முடித்துவிட்டார். 65 வயதில் இருக்கும் பத்துப் பேரில் ஒருவருக்கு வாழ்நாள் பராமரிப்புச் செலவு ஒரு லட்சம் பவுண்டைத் தாண்டும், அந்த ஒருவர் யார் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, ஆகவே ஒருவர் கைக்காசிலிருந்து போவதற்கு 35,000 பவுண்டு என்று உச்சவரம்பு வையுங்கள் என்றார். 2014இல் சட்டமே வந்தது. 35,000 என்பது 72,000 ஆகி, 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வரும் என்றார்கள். 2015இல் அது 2020க்குத் தள்ளிப்போனது. 2017 டிசம்பரில் அப்படியே கைவிடப்பட்டது. 2021இல் 86,000 என்று மறுபிறவி எடுத்தது, 2023 அக்டோபரில் தொடக்கம் என்றார்கள். அதற்கென்று 2022 ஏப்ரலில் வரியை ஏற்றி, நவம்பரில் இறக்கினார்கள். தொடக்கம் 2025க்குப் போனது. 2024 ஜூலையில் புதிய லேபர் அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் முழுதாக ரத்து செய்தார். இப்போது உச்சவரம்பு இல்லை, வானமே எல்லை.

நடுவில் பிரதமர் தெரசா மே 2017 தேர்தலில் ஒரு திட்டத்தை அறிவித்தார். ஊர் அதற்கு 'மறதிநோய் வரி' என்று பெயர் வைத்தது. நான்கே நாளில் திட்டத்தை மாற்றிக்கொண்டு, எதுவும் மாறவில்லை என்று பத்திரிகையாளர்களிடம் அடித்துச் சொன்னார். முதியோர் பராமரிப்பைப் பற்றி இதைவிட உண்மையான வாக்கியத்தை எந்தப் பிரதமரும் பேசியதாகத் தெரியவில்லை. போரிஸ் ஜான்சனோ 2019இல் பதவியேற்ற அன்றே, திட்டம் தயாராக இருக்கிறது, ஒரேயடியாகத் தீர்த்துவிடுவேன் என்று வீட்டு வாசலில் நின்று அறிவித்தார். தயாராக இருந்த அந்தத் திட்டம் வாசற்படி தாண்டி வெளியே வர இரண்டு வருடம் பிடித்தது.

இந்த அரசுகள் அடிக்கடி மனம் மாறுகிறவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சில விஷயங்களில் அவற்றின் உறுதி மலைக்க வைக்கும். கையில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் உள்ளூர் கவுன்சில் உதவாது, நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும். நிரந்தரமாகப் பராமரிப்பு இல்லத்துக்குப் போய், வீட்டில் துணையோ மற்ற சில உறவுகளோ இல்லையென்றால், வீட்டின் மதிப்பும் அந்தக் கணக்கில் சேரும். 2010இல் வைத்த எண் இது. ரொட்டி விலை ஏறியது, வாடகை ஏறியது, பராமரிப்பு இல்லக் கட்டணம் ஏறியது. அந்த எண் மட்டும் அசையவில்லை. சேமிப்பு 14,250க்கும் 23,250க்கும் நடுவில் இருந்தால் இன்னும் சுவாரசியம். அதிகப்படியான ஒவ்வொரு 250 பவுண்டும் வாரத்துக்கு ஒரு பவுண்டு வருமானம் தருவதாக எடுத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், வருடத்துக்கு 20 சதவீதத்துக்கு மேல் வட்டி. எண்பது வயதுப் பாட்டியின் முதலீட்டுத் திறமையில் இவ்வளவு நம்பிக்கை வைத்த அரசை நான் வேறெங்கும் கண்டதில்லை. நம்மூர்க் கந்துவட்டிக்காரர் கேட்டால் இங்கிலாந்து விசாவுக்கு மனுப் போட்டுவிடுவார்.

நோயைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். 1948இலிருந்தே ஏற்பாடு இப்படித்தான்: மருத்துவம் தேசிய சுகாதாரச் சேவையில் இலவசம், பராமரிப்பு வசதியைப் பார்த்துக் கட்டணம். புற்றுநோய் வந்தால் சிகிச்சைக்குச் சல்லிக் காசு வேண்டாம். மறதிநோய் வந்து, சட்டையை எப்படிப் போடுவது என்பதே மறந்துபோனால் பெரும்பாலும் அது நோய்க்கணக்கில் வராது. போட்டுவிட வருகிறவருக்குக் காசு எடுத்துவைக்க வேண்டியதுதான்.

அப்படிப் போட்டுவிட வருகிறவர் பல ஊர்களில் பதினைந்து நிமிடக் கணக்கில்தான் வருவார். அதற்குள் படுக்கையில் இருப்பவரை எழுப்பி, கழிவறைக்கு நடத்திக் கூட்டிப்போய், துடைத்து, நேற்றைய உடுப்பை மாற்றி, மாத்திரையை எண்ணிக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்து, ஒரு டீயும் போட்டுக் கையில் கொடுத்து, கைபேசியில் 'முடிந்தது' என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். இரண்டு வீட்டுக்கு நடுவில் ஓடுகிற நேரத்துக்குச் சம்பளம் கிடைக்காதவர்களும் உண்டு. அந்த முதியவர் ஏதோ சொல்ல வந்தால்? கேட்க நேரமில்லை. அதனால் என்ன, கேட்பதற்குத்தான் அரசாங்கம் இருக்கிறதே! அதற்கு நிமிடக் கணக்கு கிடையாது.

இப்போது மறுபடியும் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங், லூயிஸ் கேசி தலைமையில் புதிய ஆணையத்தை அறிவித்தார். தேசிய அளவில் உரையாடல் நடத்துவது அதன் வேலைகளில் ஒன்று. பிப்ரவரியில் நடக்க இருந்த அனைத்துக் கட்சிக் கூட்டம், எல்லாருக்கும் ஒத்துவரும் நாள் அமையாமல் தள்ளிப்போனது. நாள் பார்ப்பதில் நாம்தான் கெட்டிக்காரர்கள் என்று எண்ணியிருந்தது தவறு. பிளேர் உருகியபோது 70 வயதாக இருந்தவருக்கு 2028இல் 101 நடக்கும். அவரும் தாராளமாகக் கருத்துச் சொல்லலாம்.

ஆணையத்தின் முதல் கட்ட அறிக்கைக்குக் குறித்த வருடம் 2026. நீண்டகாலத் தீர்வைச் சொல்லப்போகும் இரண்டாம் கட்ட அறிக்கைக்குக் கெடு 2028. அடுத்த பொதுத்தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் நடந்தாக வேண்டும்.