21-ஆம் நம்பர் முகம்

சுவோன், தென் கொரியா

அன்புள்ள மதினிக்கு,

ஏலக்கா விலை இறங்கிருச்சுன்னு அண்ணன் போன்ல புலம்ப ஆரம்பிச்சப்ப கேரளா டவர் போச்சு. தமிழ்நாடு டவர் வந்துச்சு, அதுவும் போச்சு. போடிமெட்டுல வீடு கட்டுனவங்களுக்கு ரெண்டு மாநிலத்து சிக்னலும் உண்டு, ஒன்னும் நிக்காது. அதான் கடுதாசி.

மருமக அனுப்புன லிஸ்ட் வந்துச்சு. நத்தைக் கிரீம், முடிய நேராக்குற மருந்து, நெயில் பாலிஷ், அதுக்கெல்லாம் மேல நட்சத்திரம் போட்டு "வெள்ளையாக்குற கிரீம் ரெண்டு, அத்தை." அத்தை அழகுசாதன உலகத்துக்குத் தலைநகரத்துல இருக்காளே, கை நீட்டுனா எல்லாம் கிடைக்கும்னு நெனப்பு. பதில் வரிசையா சொல்றேன், அவளுக்கு வாசிச்சுக் காட்டுங்க. கடைசிப் பகுதிய மட்டும் ரெண்டு தடவை.

அவ நெனப்பு ஒன்னும் தப்பில்ல. இங்க ஆலிவ் யங்னு ஒரு கடை. 1999-ல கங்னம்ல முதல் கடை போட்டாங்க, இப்ப எந்தத் தெரு முக்குல திரும்புனாலும் ஒன்னு நிக்குது. உள்ள போனா எண்ணெய் வச்சு மூஞ்சி கழுவ ஒரு பாட்டில், அந்த எண்ணெய நுரை வச்சுக் கழுவ இன்னொன்னு, அப்புறம் டோனர், எசென்ஸ், சீரம், கண்ணுக்குக் கீழ தனியா ஒன்னு, மேல ஒரு கிரீம். இத்தனையும் போட்டு முடிக்கிறதுக்குள்ள நம்ம ஊர்ல தோட்டத்து ஜீப் போடியில கிளம்பி மெட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆம்பளைங்களும் விட்டுவைக்கல. என் பக்கத்து சீட்டுப் பையன் மதியம் சாப்பிட்டா பல் விளக்கி, சன்ஸ்கிரீன் பூசிட்டுத்தான் உக்காருவான். நம்ம அண்ணன் தீபாவளிக்குப் பவுடர் போட்டதுக்கே தெரு முழுக்கச் சிரிச்சது ஞாபகம் இருக்கா?

இங்க எல்லார் கைப்பையிலயும் குஷன்னு ஒரு டப்பா இருக்கும். பஞ்சுல ஊறுன மேக்கப்ப ஒத்தி ஒத்திப் பூசுறது. பார்க்கிங் சீட்டுல குத்துற முத்திரை சிந்தாம ஒட்டுதேன்னு யோசிச்சு, ஐயோபே பிராண்டுல 2008-ல கொண்டுவந்தாங்களாம். எனக்கும் ஒன்னு வாங்குவோம்னு போனேன். நிறத்துக்கு நம்பர் இருக்கு: 13, 21, 23. நிறையப் பேர் 21-தான். 23-ன்னா அவங்க கணக்குல கொஞ்சம் கறுப்பு. கடைப்பொண்ணு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, நம்பிக்கையோட 23-ஐ எடுத்து என் மணிக்கட்டுல ஒத்துனா. மழையில ஊறுன சுவத்துல சுண்ணாம்பு அடிச்சாப்ல ஒரு வட்டம். அவ அதைத் தேச்சுப் பாத்தா, கலக்கல. வெளிச்சத்துப் பக்கம் என் கையத் திருப்புனா, இன்னும் வெளுத்துச்சு. கடைசியில ரெண்டு கையையும் வயித்துல வச்சுக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டு, ஒரு ஷீட் மாஸ்க்கை இலவசமாக் குடுத்து அனுப்பிட்டா. நம்ம நிறத்துக்கு இழப்பீடு வாங்குன முதல் ஆளு நம்ம குடும்பத்துல நான்தான்.

2024-ல அமெரிக்காவுல ஒரு கறுப்பினப் பொண்ணு, டிர்டிர்ங்கிற கம்பெனியோட குஷன்ல தனக்கு நிறமே இல்லைன்னு வீடியோ போட்டா. அவங்களும் சட்டுன்னு நிறத்தைக் கூட்டி முப்பது வரைக்கும் கொண்டுபோனாங்க. ஏற்றுமதின்னா எல்லா நிறமும் அழகாத் தெரியுது, நம்ம ஏல வியாபாரிங்களுக்குத் தெரியாததா?

சரி, நத்தை. மழைக்காலத்துல தோட்டத்துல நத்தையக் கண்டா அம்மா உப்பு டப்பாவை எடுத்துட்டு ஓடும். இங்க அதோட பசைய வடிகட்டி, 96 சதவீதம்னு பெருமையா எழுதி விக்கிறாங்க. நானும் பூசுனேன். விரல்ல எடுத்தா நூல் நூலா இழுக்குது, மூஞ்சியில வச்சா ஈரம் நிக்குது. வேற அதிசயம் ஒன்னும் நடக்கல. மருமகளுக்கு ஒன்னு பார்சல்ல வருது. எதுல செஞ்சதுன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க.

அடுத்து முடி. நம்ம ஊருக்குக் கொண்டை ஊசின்னா மலைப்பாதையில இருக்குற பதினேழுதான், தலையில இருந்ததில்ல. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பிறவியிலயே சுருட்டை. இங்க அறுபது வயசு அம்மாமாரெல்லாம் காசு குடுத்துச் சின்னச் சின்னச் சுருளாப் பெர்ம் பண்ணிக்கிறாங்க. இறுக்கமாச் சுருட்டுனா நாள்பட நிக்கும், அடிக்கடி கடைக்குப் போக வேணாம்னு சிக்கனக் கணக்கு. பஸ்ல என் பக்கத்துல உக்காந்த அம்மா ஒருத்தி என் தலையத் தொட்டுப் பாத்து எந்தக் கடைன்னு கேட்டாங்க. எங்க அப்பத்தா கடைன்னேன், கொரிய மொழியில எனக்கு அவ்வளவுதான் வரும். நேராக்குறதுக்கும் இங்க வழி இருக்கு, மேஜிக்னு பேரு. முடிக்குள்ள இருக்குற கந்தகக் கட்டை மருந்தால உடைச்சு, இரும்பால நேரா இழுத்து, மறுபடி கட்டுறது. ஆனா வேர்ல இருந்து புதுசா வளர்றது சுருட்டையாத்தான் வளரும். மெட்டு மூடுபனியில மேல சுருட்டை, கீழ நேர்னு அவ திரிய வேணாம், விட்டுடச் சொல்லுங்க.

முடிக்கு எண்ணெய் வைக்கிற பழக்கம் இங்கயும் இருந்திருக்கு. கெய்சாங் ஊர்ல யுன் டோக்-ஜொங்னு ஒரு அம்மா 1932-ல கமேலியா விதைய ஆட்டி, கூந்தல் எண்ணெய் எடுத்து வித்தாங்க. அவங்க மகன் 1945-ல ஆரம்பிச்சதுதான் இன்னைக்கு அமோர்பசிபிக்ங்கிற பெரிய கம்பெனி. அந்தக் கமேலியாவும் நம்ம சூரியநெல்லித் தேயிலையும் ஒரே பேரினம், பங்காளிச் செடிங்க.

நெயில் பாலிஷ்தான் எனக்குப் பிடிச்ச சங்கதி. நம்ம வேலி ஓரத்துல காசித்தும்பை பூக்குமே, அதுக்கு இங்க பொங்சொன்ஹ்வான்னு பேரு. கூட வேலை பாக்குறவ வீட்டுக்கு ஆகஸ்ட்ல போயிருந்தேன். அவங்கம்மா செவப்புப் பூவும் ரெண்டு மூணு இலையும் பறிச்சு, படிகாரம் ஒரு துண்டு போட்டு, சின்ன உரல்ல நச்சுனாங்க. அந்தச் சாந்தை உளுந்தளவு கிள்ளி ஒவ்வொரு நகத்துமேலயும் வச்சு, இலைய மடிச்சுச் சுத்தி, நூலால கட்டுனாங்க. சின்னப் பிள்ளைங்க தூக்கத்துல அவுத்துறாம இருக்க இப்பப் பிளாஸ்டிக் தாளும் சுத்துறாங்க. ராத்திரி பூரா விரல நீட்டிக்கிட்டே தூங்கி, காலையில அவுத்தா ஆரஞ்சுச் செவப்பு. நம்ம மருதாணியச் செவக்க வைக்கிற லாசோன்ங்கிற பொருள் இதுலயும் இருக்காம், அதான் அந்தப் பிடி. செடியும் நம்ம பக்கத்துதுதான், இந்தியாவுல இருந்து பரவுனது. மெட்டுல சும்மா பூத்து உதிர்றதுக்கு இங்க ராஜ மரியாதை.

இதுல ஒரு நம்பிக்கை வேற உண்டு. முதல் பனி விழுகிற வரைக்கும் நகத்துல நிறம் நின்னா முதல் காதல் கைகூடுமாம். நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர்தான் வளரும். ஆகஸ்ட்ல கட்டுனது, நவம்பர் கடைசியில விழுகிற பனிக்கு நுனியில கீத்தா நிக்கும். எனக்கு நின்னுச்சு. இந்தப் பத்திய அண்ணனுக்கு வாசிக்க வேணாம்.

இப்ப வெள்ளைக் கிரீம். ரெண்டு தடவை வாசிக்கச் சொன்ன இடம் இதுதான், மதினி.

அதை மட்டும் அனுப்ப மாட்டேன். இங்கயும் வெள்ளை மோகம் கொஞ்சமில்ல. டோன் அப்னு கிரீம் விக்கிறாங்க. உள்ள வெள்ளைப் பொடி, கழுவுனா போயிரும். அது கூடத் தொலையட்டும். எனக்குப் பயம், அவ அனுப்புன போட்டோவுல மேசை மேல தெரிஞ்ச அந்த லேபிள் இல்லாத டப்பா. கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-லயே "ஆபரேஷன் சௌந்தர்யா"ன்னு சோதனை நடத்த ஆரம்பிச்சாங்க. பாதரசம் பத்து லட்சத்துல ஒரு பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம். பிடிபட்ட லிப்ஸ்டிக்லயும் கிரீம்லயும் அதைப்போல 12,000 மடங்கு வரைக்கும் இருந்துச்சு. பாதரசம் தோல் கறுக்குறதைத் தடுக்கும், அதனாலதான் பத்தே நாள்ல பளபளப்பு. அப்படியே உள்ள இறங்கி சிறுநீரகத்துக்குப் போகும். மலப்புரத்துல இந்த மாதிரிக் கிரீம் பூசுனவங்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை டாக்டர்மாரே எழுதியிருக்காங்க. மெடிக்கல் ஷாப்புல குடுக்குற ஸ்டீராய்டு டியூபும் வேணாம். முதல்ல வெளுக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு, செவந்து, வெயில்ல எரியும்.

அவளுக்குக் கால் வீங்குதா, சிறுநீர் நுரைச்சு வருதான்னு பக்குவமாக் கேளுங்க. ஆமான்னு சொன்னா க.விலக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி சிறுநீர் பரிசோதனை பண்ணுங்க, டப்பாவையும் கையோட கொண்டுபோங்க.

பார்சல்ல அம்மாவுக்கும் உங்களுக்கும் சன்ஸ்கிரீன் நாலு வச்சிருக்கேன், நெசமாவே வேலை செய்யிற சாமான் இது ஒன்னுதான். அம்மா கன்னத்து மங்கு வெயில் பட்டுத்தான் கறுத்துக்கிட்டே போகுது. நாம இருக்குறது நாலாயிரம் அடிக்கு மேல. ஆயிரம் மீட்டர் ஏறுனா புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் கூடும். மெல்லிசா மேகம் மூடியிருந்தாலும் முக்கால்வாசி இறங்கிரும், அதனால பனிதானேன்னு அம்மா சொன்னா விட்டுறாதீங்க. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டுலயும் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து முழுக்கப் பூசணும். ஏலச் சரம் எடுக்க உக்காருறதுக்கு முன்னாடி ஒரு தடவை, பத்து மணி டீக்கு ஒரு தடவை. மூஞ்சி வெள்ளையாத் தெரியுதுன்னு அம்மா கூச்சப்படும், தேச்சாக் கலந்துரும்னு சொல்லுங்க.

நெயில் பாலிஷ் ஆறு நிறம் எடுத்து வச்சிட்டேன். அந்த டப்பாக் கிரீமப் பூசுறதை நிறுத்திட்டு எனக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, மறுநாளே அனுப்புறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார்