அடுத்த பதிப்பில் சரிசெய்து அனுப்பவும்

லினக்ஸின் கருவான கெர்னலுக்குள், ஒரு கருவியை இயக்கும் டிரைவரைச் சேர்க்க நினைப்பவர் முதலில் எதிர்கொள்ளும் ஆசாமி அந்தப் பகுதியைப் பராமரிக்கும் மெயின்டெய்னர். நேரில் பார்க்கக் கிடைக்கமாட்டார். மின்னஞ்சலில்தான் தரிசனம் தருவார். அதுவும் வெறும் எழுத்தாகப் போக வேண்டும். வண்ணம், கம்பெனி முத்திரை, அடியில் ‘இது ரகசியம், பிறர் படிக்கலாகாது’ என்ற வக்கீல் வாசகம் எல்லாம் ஒட்டிப் போனால் போச்சு. ஊரே படிக்கிற மின்னஞ்சல் குழுவுக்கு ரகசியக் கடிதம் எழுதும் மனிதரை அவர் எப்படி நம்புவார்?

கம்பெனி இன்ஜினீயர் புது வைஃபை சிப்புக்கு டிரைவர் எழுதி, ஓட்டிப் பார்த்து, “நன்றாக ஓடுகிறது” என்று பூரிப்போடு அனுப்புகிறார். மெயின்டெய்னருக்கு அது ஒரு தகுதியே அல்ல. ஓடாததை யார் அனுப்பப் போகிறார்கள்? அவர் கண் போவது வரி தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தின் மேல். அங்கே டேப் இருக்க வேண்டும். ஒரு டேப்புக்கு எட்டு எழுத்து அகலம். மூன்று படிக்கு மேல் உள்ளே தள்ளி எழுதியிருந்தால், எழுதியவர் தலையில் சிக்கல் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார். நெட்வொர்க் பகுதியில் இன்னோர் ஆசாரமும் உண்டு. ஃபங்ஷன் தொடக்கத்தில் வேரியபிள்களை நீளமான வரி மேலேயும் குட்டை வரி கீழேயுமாக அடுக்க வேண்டும். இதனால் கம்ப்யூட்டருக்கு ஒரு லாபமும் இல்லை. அவருக்குக் கண் உறுத்தாது.

இதெல்லாம் சரியாக இருந்தால் கையொப்பத்தைத் தேடுவார். ‘இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு’ என்று பேட்ச் என்னும் திருத்தத் துண்டு ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் போட்டு உறுதி சொல்லும் வழக்கம் 2004 முதல் இருக்கிறது. அதுவும் இருந்தால்? “பெரிதாக இருக்கிறது. பிரித்து அனுப்பவும்.” பிரித்து அனுப்பினால், “இந்த வேலையைச் செய்ய கெர்னலில் ஏற்கெனவே ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே?” அதையும் மாற்றி அனுப்பினால், மௌனம். இந்த மௌனத்துக்குப் பொருள் காணத்தான் இன்ஜினீயருக்குத் தூக்கம் போகும்.

மெயின்டெய்னருடைய காலண்டரும் வேறு. ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வெளிவரும். அதில் முதல் இரண்டு வாரம்தான் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் புதுச் சரக்கை வாங்கிக்கொள்வார். அந்த இரண்டு வாரத்தில் நெட்வொர்க் மெயின்டெய்னரிடம் புது டிரைவரை நீட்டினால், “கதவு சாத்தியிருக்கிறது, பிறகு வா” என்று பதில் வரும். மேலே வாசல் திறந்திருக்கும்போது கீழே ஏன் சாத்துகிறார்கள் என்று மேனேஜருக்கு விளங்க வைப்பதற்குள் அடுத்த கெர்னலே வந்துவிடும்.

மேனேஜர் கேட்பார்: “யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும்? நம்ம வைஸ் பிரசிடென்ட்டை விட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லட்டுமா?”

“வேண்டாம் சார். அவர் சொன்னால் நிச்சயமாக நடக்காது.”

பெரிய இடம் என்ற தாட்சண்யம் மெயின்டெய்னரிடம் செல்லாது. 2009 ஜூலையில் மைக்ரோசாஃப்ட்டே ஹைப்பர்-வி என்ற தன் மெய்நிகர் கணினி மென்பொருளுக்கான டிரைவர்களை, சுமார் 20,000 வரிகள், கொண்டுவந்து கொடுத்தது. உலகம் வாய் பிளந்தது. கெர்னல்காரர்கள் அதை ஸ்டேஜிங் என்ற காத்திருப்பு அறையில் உட்கார வைத்தார்கள். செய்ய வேண்டிய திருத்தங்களின் பட்டியலோடு அரைகுறை டிரைவர்கள் குந்தியிருக்கும் அறை அது, 2008இல் திறந்தது. மைக்ரோசாஃப்ட் சரக்கு துடைத்து மெழுகப்பட்டு அங்கிருந்து வெளியேறச் சில வருஷங்கள் பிடித்தன. 2016இல் சிப் கம்பெனியான ஏஎம்டி தன் டிஸ்ப்ளே நிரலைக் கொண்டுவந்தது. பல இயங்குதளங்களுக்கும் பொதுவாக நடுவே ஓர் அடுக்கு போட்டு எழுதியிருந்தார்கள். கிராஃபிக்ஸ் மெயின்டெய்னர் டேவ் ஏர்லி முடியாது என்று சொல்லிவிட்டார். ஏஎம்டி திரும்பிப் போய்த் திருத்தி எழுதியது. 4.15 கெர்னலில் அது சேர்ந்தபோது ஒரு லட்சம் வரிக்கு மேல் இருந்தது.

ஏன் இத்தனை பிடிவாதம்? கம்பெனிக்கு டிரைவர் ஓர் அன்பளிப்பு. மெயின்டெய்னர் கண்ணுக்கு அது வாசலில் கட்டிவிட்டுப் போகும் யானை. தீனி போட வேண்டியவர் அவர். கெர்னலின் உள் இணைப்புகளுக்கு நிலையான வடிவம் கிடையாது, தேவைப்பட்டால் மாற்றிவிடுவார்கள். மாற்றுகிறவர்தான் கெர்னலுக்குள் இருக்கும் எல்லா டிரைவரையும் அதற்கேற்பத் திருத்த வேண்டும் என்பது விதி. கம்பெனி அந்த சிப்பை மறந்திருக்கும்; எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். அந்த சிப் உள்ள பழைய லேப்டாப்பை இன்னும் எங்கேயோ ஒருவர் வைத்திருப்பார். கெர்னலைப் புதுப்பித்த மறுநாளும் அவருக்கு வைஃபை கிடைக்க வேண்டும். முன்பின் தெரியாத அந்த லேப்டாப்காரருக்காகத்தான் இவர் இன்ஜினீயரின் டேப்பை எண்ணுகிறார்.

ஆகவே டிரைவர் அனுப்பப் போகிறவரே, முதலில் நடை விதிகளைச் சோதிக்கும் செக்பேட்ச் என்ற நிரலை ஓட்டிப் பாருங்கள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதுங்கள். ஏழாம் பதிப்பில் எட்டாவது குறை சொன்னாலும் திருத்திக் கொடுங்கள். ஒருநாள் ‘சேர்த்தாயிற்று, நன்றி’ என்று ஒற்றை வரி வரும். அவர் வாயிலிருந்து வரக்கூடிய உச்சப் பாராட்டு அதுதான். வந்த கையோடு மின்னஞ்சல் முகவரியை மாற்றிக்கொண்டு மட்டும் ஓடிவிடாதீர்கள்.