வேலூர்க் கலகமும் குமாஸ்தாவின் மணிக்கட்டும்

ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ ஒரு பழைய டேனரித் தொழிலாளியைப் பேட்டி எடுத்து, வீட்டுக்கு வந்து அதை எழுத உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். அரை நிமிஷம் கேட்டு, நிறுத்தி, எழுதி, மறுபடி பின்னால் ஓட்டி, டிரம் சுற்றும் இரைச்சலுக்குள் ஒரு வார்த்தையைத் துழாவி... ஒரு மணிப் பேச்சு நாலைந்து மணி நேரத்தை விழுங்கிவிடும். அழுகை வந்தால் 1806-இல் வேலூரில் எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் ஓட்டவே வழியில்லை.

கதை தலையில் ஆரம்பிக்கிறது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக் துரைக்குச் சிப்பாய்களின் தலைமேல் ஒரு கண். நெற்றியில் நாமம், விபூதி கூடாது. தாடி கூடாது. மீசை சர்க்கார் அளவில் இருக்க வேண்டும். போதாததற்குப் புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த குஞ்சம். என்ன தோல்? மாட்டுத் தோல் என்றால் இந்துவுக்கு ஆகாது, பன்றித் தோல் என்றால் முஸ்லிமுக்கு ஆகாது. ஒரு துண்டுத் தோலைக் காட்டி இரண்டு மதத்தாரையும் ஒற்றுமைப்படுத்திய பெருமை துரையையே சேரும். (பிற்பாடு இதே பாலாற்றங்கரை தோலை நம்பியே பிழைத்தது வேறு கதை.)

ஜூன் மாதமே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், சதி நடக்கிறது என்று சொல்லிவிட்டான். கர்னல் என்ன செய்தார்? இந்திய அதிகாரிகளைக் கூட்டி விசாரிக்கச் சொன்னார். சதிகாரர்களும் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். ‘அவனுக்குப் பைத்தியம்’ என்று ஏகமனதாகத் தீர்ப்பு. முஸ்தபா பேக் காலில் விலங்கு.

ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்க் கலகம் வெடித்தது. 69-ஆவது ரெஜிமென்ட்டில் நூற்றுக்கு மேற்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் செத்தார்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த கில்லெஸ்பி, கோட்டைக்குள் இருந்த அரண்மனையில் ஒளிந்த சிப்பாய்களில் சுமார் நூறு பேரை வெளியே இழுத்துச் சுவரோரம் நிறுத்திச் சுட வைத்தார். அவர்களிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை. மிச்சமிருந்தவர்களைக் கேட்கத்தான் விசாரணைக் கமிஷன் வந்தது.

இப்போதுதான் கிழக்கிந்தியக் கும்பினியாருக்குக் காது முளைத்தது. கமிஷன் துரை இங்கிலீஷில் கேட்பார். துபாஷி அதைத் தமிழிலோ தெலுங்கிலோ இந்துஸ்தானியிலோ திருப்புவார். சாட்சி, தன் பாட்டன் காலத்திலிருந்து ஆரம்பிப்பான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துபாஷி அதை இரண்டு வரியாகச் சுருக்க, குமாஸ்தா மைக்கூட்டில் இறகைத் தோய்த்து இங்கிலீஷில் ஏற்ற வேண்டும். எழுதினால் போதுமா? சென்னைக்கு ஒரு நகல், கல்கத்தாவுக்கு ஒரு நகல், லண்டனுக்கு ஒன்று. கப்பல் முழுகினால் என்ன ஆவது என்று இன்னொரு கப்பலில் இன்னொன்று. கலகம் ஒரே காலையில் அடங்கிவிட்டது, நகலெடுப்பு லேசில் அடங்கவில்லை.

எல்லாம் எழுதிப் படித்து, 1807-இல் கிராடக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் வேலையிலிருந்து திருப்பி அழைத்தார்கள். தோல் குஞ்சம் அதற்கு முன்பே வாபஸ். பைத்தியம் மட்டும் தெளிந்துவிட்டது: முஸ்தபா பேக்குக்கு 2000 வராகன் வெகுமதி, சுபேதார் பென்ஷன்.

அந்தக் காகிதங்கள் ‘சீக்ரெட் சண்ட்ரீஸ்’ என்ற பெயரில் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வேலூர்க் கலகத்தை ஆராய்கிறவர்கள் அங்கே உட்கார்ந்து குமாஸ்தாவின் எழுத்தைக் குறிப்பேட்டில் பெயர்த்து எழுதியிருக்கிறார்கள், இந்த முறை சம்பளம்கூட இல்லாமல்.