பத்திரமாக ஏமாறுவது எப்படி?

வீடு வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். தலைவாசல் எந்தத் திசை, சமையலறை அக்கினி மூலையில்தான் இருக்கிறதா, ஈசானியத்தில் யாராவது கக்கூஸ் கட்டித் தொலைத்திருக்கிறார்களா, தெருக்குத்து உண்டா. இதற்கெல்லாம் வாஸ்து ஜோசியருக்கு ஐயாயிரம் கொடுப்பதில் தப்பே இல்லை. முப்பது வருடப் பத்திரங்களைப் படித்து லீகல் ஒப்பீனியன் எழுதித் தருகிற வக்கீல் அதே ஐயாயிரத்தைக் கேட்டால் மட்டும், “சும்மா படிச்சுப் பாக்கறதுக்கா?” என்று எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது புரோக்கர். “நம்ம ஊர்க்காரர்தான் சார், தங்கமான குடும்பம், ஈசி சுத்தமா இருக்கு” என்பார். நம்பிவிடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றைக் காசில்லாமலே பார்க்கலாம்தான். ஆனால் தங்கமான குடும்பத்தைச் சந்தேகப்படுவது அழகா? பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தால் கடைசி ஐந்து வருடத்துக்கு மட்டும் பாருங்கள். வில்லங்கம் பெரும்பாலும் ஆறாவது வருடத்தில் இருக்கும். ஈசியில் ஏறுவது பதிவானவை மட்டும்தான், பதிவு செய்யாத உயில் அதில் வராது, கோர்ட்டில் இருக்கிற வழக்கும் தெரியாமல் போகலாம் என்று வக்கீல் எச்சரித்திருப்பார். அவரைத்தான் நாம் வைத்துக்கொள்ளவில்லையே.

மூலப்பத்திரத்தைக் கேட்காதீர்கள். கேட்டால், “லாக்கர்ல இருக்குங்க” என்று ஜெராக்ஸை நீட்டுவார்கள். அதை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு பாங்கு முத்திரை மங்கலாகத் தெரியும். லாக்கர் யாருடையது என்று புரிந்துவிடும். புரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், டீ ஆறிவிடும்.

விற்பவருக்கு அக்கா தங்கைகள் உண்டா என்று விசாரிக்கவே கூடாது. அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்திருந்தால், அவருடைய சுயசம்பாத்தியத்தில் மகனுக்கு என்ன பங்கோ அதேதான் மகளுக்கும் என்கிறது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்திலும் பெண்ணுக்குப் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அதில் இடமில்லை. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடுப்பையும் எடுத்துவிட்டது. ஆனால் அண்ணன்காரர் என்ன சொல்கிறார்? “அவங்களுக்கெல்லாம் அப்பவே நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சுங்க.” பித்தளை அண்டாவை விடுதலைப் பத்திரமாக எந்தக் கோர்ட்டும் எடுத்துக்கொள்ளாது என்பது பிறகுதான் தெரியவரும். கிரகப்பிரவேசத்துக்கு மொய் எழுத வராத அந்த அக்கா அடுத்த ஆடிக்குள் பாகப்பிரிவினை வழக்குப் போடுவார். அதில் நீங்கள் ஏழாம் பிரதிவாதி. முதல் பிரதிவாதியான அண்ணன் கோர்ட் வராந்தாவில் உங்கள் தோளில் கைபோட்டு, “பேசித் தீத்துக்கலாங்க” என்பார். விற்ற பணத்தில் வாங்கிய கார் வெளியே நிற்கும்.

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்குப் பதில் பவர் ஏஜெண்ட் விற்கிறார் என்றால் இன்னும் விசேஷம். பவரை வைத்தே சொத்து கைமாறிவிடாது, கிரயப் பத்திரம் பதிவானால்தான் உரிமை மாறும் என்று 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாகப் பவரும் அவரோடு போய்விடும். ஆகவே உரிமையாளரிடம் வீடியோ காலில் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்காதீர்கள். இல்லாதவரைத் தொந்தரவு செய்யக் கூடாது.

மனை வாங்குகிறவர்களுக்கு யோகம் தனி. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யவே 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறுவருடம், 20.10.2016க்கு முந்தைய மனைகளுக்கு மட்டும் அரசு வரன்முறை விதிகள் கொண்டுவந்தது. இத்தனைக்குப் பிறகும் “பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு சார்” என்கிறவரைக் கண்டால் உடனே டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள். இடத்தைச் சித்திரையில் போய்ப் பாருங்கள். கார்த்திகையில் போனால் அது ஏரி என்று தெரிந்துவிடும். நீர்நிலைப் புறம்போக்கா, 1892 முதல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கென்று ஒதுக்கி, பிறர் வாங்கச் செல்லாது என்று நிபந்தனை போட்ட பஞ்சமி நிலமா என்பதெல்லாம் ‘அ’ பதிவேட்டில் தெரியும். முதல் எழுத்திலேயே நிற்கிற பதிவேடு சின்னப் பிள்ளைகளுக்கானது என்று விட்டுவிடுங்கள்.

அடுக்ககமா? விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கட்டுநர் வாங்க வேண்டுமானால் முதலில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது ரெரா சட்டம். நீங்கள் மாடல் ஃபிளாட் சோபாவில் சாய்ந்தபடியே பாதிப் பணத்துக்குச் செக் எழுதுங்கள்.

பதிவு நாளில் ராகு காலம், எமகண்டம் இரண்டையும் கழித்து டோக்கன் போட்டால் வரைவைப் படிக்க நேரம் இருக்காது. இருந்தாலும், ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ ஆண்டனுபவிக்கச் சொல்லும் மிடுக்கில் மயங்கிச் சர்வே எண்ணைக் கோட்டைவிடுவீர்கள். செக்குபந்தியில் வடக்கும் தெற்கும் இடம் மாறியிருந்தால் நீங்கள் வாங்கியது எது என்று எதிர்வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் அழுதாயிற்று. இனிப் பட்டா மாற்ற வேறு அலைய வேண்டுமா? பழைய பெயரிலேயே கிடக்கட்டும். அவருடைய பேரன் என்றாவது கண்டுபிடிப்பான்.

விற்கிறவர்களுக்கு ஒரே யோசனை. வழிகாட்டி மதிப்புக்குச் செக், மீதி மஞ்சள் பையில். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம். பையை எண்ணிப் பார்த்து வாங்குங்கள், அபராதக் கணக்குக்கு உதவும்.

வாடகைக்குப் போகிறவர்கள் பதினொரு மாத ஒப்பந்தம் போட்டுக்கொள்வது மரபு. ஓராண்டைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு கட்டாயம் என்பதற்காக யாரோ கண்டுபிடித்த சந்து அது. 2019 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அந்தச் சந்தை அடைத்து, எந்த ஒப்பந்தமானாலும் எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொல்கிறது. தனியாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. சென்னையில் பத்து மாதம் கேட்பார்கள், தனியாக ஒப்புக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் ஹவுஸ் ஓனர் அம்மா சுவரில் விரலை வைத்து, “ஆணி அடிச்சிருக்கீங்களேப்பா” என்பார். காலண்டர் மாட்டிய ஓர் ஆணிக்கு மூன்று அறைகளும் ஹாலும் பெயிண்ட் ஆகும்.

இதெல்லாம் சில்லறை. மொத்தமாகவே இழக்க விரும்புகிறவர்கள் போக்கியத்துக்குப் போக வேண்டும். ஒத்தி, லீஸ் என்று ஊருக்கு ஒரு பெயர். எட்டு லட்சமோ பத்து லட்சமோ கையில் கொடுத்தால் மூன்று வருடத்துக்கு வாடகையே இல்லை, போகும்போது முதல் அப்படியே திரும்பும். சட்டத்தின் கண்ணில் இது அடமானம், பதிவு செய்தால்தான் நிற்கும். நீங்கள் ஸ்டாம்ப் பேப்பரில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் வையுங்கள். அதே வீட்டின் மேல் ஓனர் வாங்கிய பாங்குக் கடனுக்குத் தவணை கட்டுகிறாரா என்று கேட்பது நாகரிகமில்லை. கட்டாவிட்டால், 2002ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி பாங்கு சிவில் வழக்கே போடாமல் வீட்டை எடுத்து ஏலம் விடலாம். ஒரு நாள் காலையில் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். அதே அறிவிப்பு பேப்பரிலும் வரும். சர்வே எண், கதவு எண், சதுர அடி, நான்கெல்லை எல்லாம் பிசகில்லாமல் இருக்கும். கடன் வாங்கியவர் பெயரும் ஜாமீன் போட்டவர் பெயரும் தடித்த எழுத்தில் இருக்கும். உங்கள் பெயரைத் தேட வேண்டாம்.