ஓட்டுக்கு 21, உயிருக்கு 20

கேள்வி: கட்டாய ராணுவச் சேவையைத் தாய்மார்கள் எதிர்த்துப் போராடி வென்றதுண்டா?

பதில்: ஆஸ்திரேலியாவில் உண்டு. வியட்நாம் போர்க்காலத்தில் அங்கே கோலிக்குண்டு குலுக்கல் நடந்தது. பிறந்த தேதிக்குரிய குண்டு விழுந்தால், 20 வயதுப் பையன் பட்டாளத்துக்குப் போக வேண்டும். ஓட்டுப் போடத்தான் 21 ஆக வேண்டும். உயிரைக் கொடுக்க 20 போதும்! பொறுக்குமா பெற்ற வயிறு? 1965இல் சிட்னியில் தாய்மார்கள் 'எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றுங்கள்' என்று இயக்கம் தொடங்கினார்கள். 1971 ஏப்ரலில், மெல்போர்ன் அரசு அலுவலகத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்த இந்த இயக்கத்தின் ஐந்து பெண்களுக்கு 14 நாள் சிறைத் தண்டனை. அதுவும் ஈஸ்டர் நேரத்தில்! காகிதம் நீட்டிய அம்மாக்களுக்கே பயந்த அரசு அது. 1972 டிசம்பரில் புதிய பிரதமர் விட்லம் ஆட்சிக்கு வந்த கையோடு கட்டாயச் சேவையை நிறுத்தினார்; மறுத்துச் சிறை சென்ற பையன்களும் விடுதலையானார்கள்.