பக்கத்து சீட் புரட்சியாளர்

ஜாக் கெரவாக் என்றால் சாலை. சாலை என்றால் கெரவாக். அவர் எழுதிய 'ஆன் தி ரோட்' நாவலைப் படித்துவிட்டு மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிய அமெரிக்க இளவட்டங்கள் ஏராளம். அப்பேர்ப்பட்டவருக்குக் கார் ஓட்ட அவ்வளவாக வராது என்றால் நம்புவீர்களா? ஸ்டியரிங் நண்பர் நீல் கேசடியின் கையில். நம்மாள் பக்கத்து சீட்டில், நோட்டும் கையுமாக!

1951 ஏப்ரலில் அந்த மகாகாரியம் நடந்தது. தாள் மாற்றுகிற நேரம்கூட வீண் என்று காகிதங்களை ஒட்டி 120 அடிச் சுருளாக்கி டைப்ரைட்டருக்குள் விட்டார். மூன்றே வாரம். பத்தி பிரிக்காமல் நாவல் ரெடி. ஆஹா, அருவி மாதிரி கொட்டியதா? அதற்கு முன்னால் வருஷக்கணக்கில் நோட்டுகளில் கிறுக்கி வைத்திருந்ததையும், பிறகு திருத்தோ திருத்தென்று திருத்தியதையும் ரசிகர்கள் சொல்ல மாட்டார்கள். புத்தகம் வெளிவர 1957 ஆனது. இதற்கிடையில் சுருளின் கடைசிப் பகுதியை ஒரு நண்பரின் நாய் தின்றுவிட்டது. நாவலின் முதல் எடிட்டர் அதுதான்.

இதெல்லாம் எழுத்தே இல்லை, வெறும் டைப்பிங் என்று எழுத்தாளர் ட்ரூமன் கபோட்டி நக்கலடித்தார். வெறும் டைப்பிங் 2001-ல் 24 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

கற்பனைக்கு மெனக்கெடுவதெல்லாம் நம்மாளுக்கு ஆகாது. நண்பர்களின் காதல், களவு, பிதற்றல் எல்லாவற்றையும் நிஜப்பெயரோடு அப்படியே எழுதினார். மானநஷ்ட வழக்கு வருமே என்று பதிப்பகம் பதற, கேசடி டீன் மோரியார்ட்டி ஆனார். கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் கார்லோ மார்க்ஸ் ஆனார். இன்னொரு நாவலில் அதே கேசடி கோடி பொமரே. ஒரே ஆளுக்கு எத்தனை ஃபேக் ஐடி!

இதில் எனக்குப் பிடித்த ஃபேக் ஐடி, 'ஆன் தி ரோட்' கதாநாயகனின் அத்தை. ஊர் சுற்றிக் களைத்து வரும்போதெல்லாம் சோறு போடுகிற அந்த அத்தை வேறு யாருமில்லை, சாட்சாத் கெரவாக்கின் அம்மா கேப்ரியல். செருப்புத் தொழிற்சாலையில் உழைத்து மகனின் புரட்சிக்கு ஸ்பான்சர் செய்த புண்ணியவதி. மூன்று கல்யாணம் செய்துகொண்டும் கடைசிவரை அம்மா வீட்டுப் பிள்ளை என்று வெளியே தெரிந்தால் கலகக்காரன் இமேஜ் என்னாவது? கின்ஸ்பெர்க்கைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகாது. வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று தடை போட்டார். அமெரிக்காவின் அத்தனை சட்டதிட்டங்களையும் எதிர்த்த நம்மாள் இந்தச் சட்டத்தை மட்டும் எதிர்க்கவில்லை.

1969-ல், 47 வயதில், குடி அவரைக் கொண்டுபோனது. முந்தின வருஷம் வில்லியம் பக்லி நடத்திய டிவி உரையாடல் நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு ஹிப்பிகளைப் பற்றி. ஹிப்பிகளின் ஞானத்தந்தையே வந்து உட்கார்ந்திருக்கிறார், கேட்க வேண்டுமா? தான் ஒரு கத்தோலிக்கன், தனக்கு ஒழுங்கும் பக்தியும்தான் முக்கியம் என்றார் கெரவாக். முழு போதையில்.