தூக்குப்போசியில் ஒரு ஒடுக்கு

1984-இல் எனக்கு ஒன்பது வயது. ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் அப்பா புல்லறுத்துக்கொண்டிருப்பார். பத்து மணிக்குக் கூழை எவர்சில்வர் தூக்குப்போசியில் கொண்டுபோவது என் வேலை. நேராகப் பக்கத்தில் போய்விட முடியாது. வரப்பில் நின்று, "அப்பா" என்று குரல் கொடுக்க வேண்டும். அவர் திரும்பமாட்டார். முதலில் அருவாளை மண்ணில் கொத்தி நிறுத்துவார். அதன்பிறகுதான் முகம் திரும்பும். "இப்ப வா கண்ணு" என்பார்.

அருவாளைக் கையிலிருந்து கைக்கு அவர் கொடுத்ததே இல்லை. கீழே வைப்பார், வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பார்கள் ஊரில். சண்டை வந்ததோ இல்லையோ, எங்கள் தோப்பில் யாருக்கும் விரல் போகவில்லை. புதருக்குள் கை வைக்கும் முன் கோலால் இரண்டு தட்டுத் தட்டுவார். பாம்பு இருந்தால் போகட்டும் என்று.

2014-இல் ஆள் கிடைக்காமல் பெட்ரோல் புல்வெட்டும் மெஷின் வாங்கினேன். நாலு பேர் ஒரு நாள் அறுக்கிற புல்லை ஒரே ஆள் வெட்டிவிடலாம் என்றார் கடைக்காரர். லிட்டருக்கு எத்தனை மில்லி 2டி ஆயில் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டேன். என் மெஷினுக்கு 20 மில்லி, 50-க்கு 1. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும் என்று தெரியும். மெஷினைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டவன், மனிதரைக் காப்பாற்றக் கற்றுக்கொள்ளவில்லை. லுங்கி, ரப்பர் செருப்பு, வெறும் கண். அப்படித்தான் தோப்பில் இறங்கினேன்.

மூன்றாம் நாள் என் மனைவி மோர் கொண்டுவந்தாள். அதே தூக்குப்போசி. "ஏனுங்க" என்று இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. எதிரே நிழல் அசையவும் சட்டென்று திரும்பினேன். தோளில் பட்டையோடு தொங்கும் மெஷின். நான் திரும்பினால் தகடும் திரும்பும். புல்லுக்குள் கிடந்த கூழாங்கல் ஒன்று தெறித்து, அவள் இடுப்புயரத்தில் பிடித்திருந்த தூக்குப்போசியில் 'டங்' என்று அடித்தது. மோர் சிதறியது. பாத்திரத்தில் கட்டைவிரல் நுனி அளவு ஒடுக்கு. ஒரு சாண் மேலே பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் இருவரும் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

அன்று இரவு மெஷினோடு வந்த கையேட்டை எடுத்து வரிவரியாகப் படித்தேன். வேலை நடக்கும்போது 15 மீட்டருக்குள் யாரும் வரக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அருவாளின் ஆபத்து கை எட்டும் தூரத்தோடு முடிந்துவிடும். மெஷினின் ஆபத்து இரண்டு தென்னை இடைவெளி தாண்டியும் போகும்.

இப்போது வெட்டும் முன் சால் சாலாக நடந்து கல், கம்பித் துண்டு, சிரட்டை எல்லாம் பொறுக்குகிறேன். அப்பா கோலால் தட்டியதற்கு ஈடான வேலை இது. கண்ணாடி, முகமூடி, காதடைப்பான், கெட்டியான பூட்ஸ் இல்லாமல் கயிற்றை இழுப்பதில்லை. தகட்டைக் கடிகார முகமாக நினைத்தால், 12-க்கும் 3-க்கும் இடைப்பட்ட விளிம்பு அடிமரத்தில் பட்டால் மெஷின் எகிறும். அதனால் வலமிருந்து இடமாக வீசி, இடப்பக்க விளிம்பால் வெட்டுகிறேன். தகட்டில் கொடி சுற்றினால், எஞ்சினை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றிய பிறகே கை வைப்பேன்.

பெட்ரோல் தீர்ந்தால் பத்து நிமிடம் காத்திருப்பேன். சைலன்சர் சூட்டில் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கலாம். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப்போய்த்தான் ஸ்டார்ட் செய்வேன். மோட்டார் ரூமுக்குள் ஓட்டிப் பார்ப்பதில்லை. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் வைப்பதும் இல்லை. தாகத்தோடு வருகிற பிள்ளை எந்தப் பாட்டிலை எடுக்கும் என்று யார் கண்டார்?

அந்தத் தூக்குப்போசியை ஒடுக்கு எடுக்கக் கொடுக்கவில்லை. மோட்டார் ரூமில், மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. கூலிக்கு மெஷின் ஓட்ட வரும் தம்பிமார்களிடம் முதலில் அதைக் காட்டுவேன். விரலால் தடவிப் பார்ப்பார்கள். பேசாமல் செருப்பைக் கழற்றிப் பூட்ஸை மாட்டுவார்கள்.

இப்போது மோர் கொண்டுவருவது என் மகன். காதை அடைத்திருக்கும் எனக்கு அவன் குரல் கேட்காது. அதனால் வரப்பில் என் எதிரே நின்று சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. துண்டைப் பார்த்ததும் ஆக்சிலரேட்டரை விட்டு, சுவிட்சை அணைக்கிறேன். விட்ட பிறகும் தகடு கொஞ்ச நேரம் சுற்றும். அது முழுக்க நிற்கும்வரை அவனும் நிற்பான், நானும் நிற்பேன். பிறகு மெஷினைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்கிறேன்.

"இப்ப வா கண்ணு."